ஒற்றைக்காதன் எப்படி உட்காருவான்

நாலு வருடமாக ஒற்றைக்காதன் என்னுடையவன். அவனைப் பங்கு கேட்டு ஒருத்தி வருவாள் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒற்றைக்காதன் ஒரு சாமுராய். இருபத்திரண்டு பாகம் வந்த ஒரு சித்திரக்கதையின் நாயகன். ஜப்பானில் ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய உள்நாட்டுப் போர்க்காலம். 'ஆற்றைக் கடக்க எவனையும் விடாதே' என்று உத்தரவு போட்ட எஜமான் செத்துப்போகிறான். உத்தரவை ரத்து செய்ய ஆள் இல்லை. ஒரு காது போன பிறகும் இவன் அந்தக் கரையிலேயே நிற்கிறான். அவ்வளவுதான் கதை. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாங்கள் பன்னிரண்டு பேர் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூடி, பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அந்தக் கதைக்குள் போய்விடுவோம். எழுதி வைத்த வசனம் கிடையாது. அந்த ஆளாகவே மாறி, அந்த நேரத்தில் வாயில் வருவதைப் பேச வேண்டும்.

அதற்காக வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிவிட முடியாது. முன்னால் ஒரு மேஜை போட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பல் டாக்டர். இந்தக் குழுவை ஆரம்பித்தவரே அந்த அம்மாதான். இருபத்திரண்டு பாகமும் அவருக்கு மனப்பாடம். கதைக்கு மாறாக எதையாவது செய்தால் மஞ்சள் அட்டையைத் தூக்குவார். இன்னொருவர் லைப்ரரி சார். காலத்துக்கு ஒவ்வாததைச் செய்தால் அவரிடமிருந்து நீல அட்டை. இரண்டும் மோதினால் என்ன செய்வது? அதற்கும் விதி இருக்கிறது. படத்தில் தெளிவாக இருந்தால் படம் சொன்னதுதான். படம் காட்டாமல் விட்ட இடத்தில் சரித்திரம் சொன்னதுதான். ஆறாம் பாகத்தில் ஒற்றைக்காதன் காயம்பட்ட எதிரிக்குச் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பிட்டுக் கொடுப்பான். அந்தக் கிழங்கு ஜப்பானுக்கு வந்துசேர இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஆகும். இருந்தாலும் கொடுத்தாக வேண்டும், ஏனென்றால் படத்தில் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கொடுப்பேன்.

நான் சரித்திரம் படித்தவள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள். படித்து முடித்து, ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு ஷிப்டுக்கு அறுநூறு குழாய். ஸ்டிக்கர் கோணலாகப் போனால் மெஷின் படிக்காது, மேனேஜர் கத்துவார். ஐந்நூறு வருடத்துக்கு முன் ஒரு வீரன் வாளை எந்தப் பக்கம் தொங்கவிட்டான் என்று என்னிடம் கேட்கிற ஒரே இடம் அந்த மாடிதான்.

என் கால்சட்டையை அம்மா தைத்துக் கொடுத்தாள். அம்மா யூனிஃபார்ம் தைக்கிற ஃபேக்டரியில் காலர் வைக்கிறவள். பழைய திரைச்சீலைத் துணியை விரித்துப்போட்டு, சித்திரக்கதையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முறைத்தாள்.

"ஏண்டி, படத்துல மடிப்பே இல்லையே. நீ என்னமோ மடிப்பு மடிப்புன்ற?"

"வரைஞ்சவனுக்குச் சோம்பேறித்தனம்மா. நெஜத்துல மடிப்பு இருக்கும்."

"அப்போ இவன் படத்துல இருக்கறவனா, நெஜத்துல இருந்தவனா?"

"ரெண்டும்."

"நல்லா இருக்கு. மூணு வருஷம் படிச்சதுக்கு இதான் பதிலா?" என்றாள். ஆனால் மடிப்பு கத்தி மாதிரி விழுந்திருந்தது.

இனி அவளைப் பற்றி. வந்து ஆறு மாதம் ஆகியும் எல்லோரும் அவளைப் 'புதுசு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படித்தான், ஆனால் செல்லமாக இல்லை. கட்டடக்கலை படிக்கிறாள். அப்பா பேராசிரியர். ஒருமுறை டியூஷன் சென்டரில் பரீட்சை நடந்ததால் அவள் வீட்டில் கூடினோம். கூடத்தில் ஒரு சுவர் முழுக்கப் புத்தகம். தரையிலிருந்து கூரை வரை. மேல்தட்டுக்கு ஏறத் தனி ஏணி. நான் ஒரு புத்தகத்துக்காக மூன்று வாரம் லைப்ரரியில் பெயர் எழுதிவிட்டுக் காத்திருந்தேன். அது அங்கே இரண்டாவது தட்டில் தூசி படிந்து கிடந்தது. "வேணும்னா எடுத்துட்டுப் போங்கக்கா, யாரும் படிக்கறதில்ல" என்றாள். அன்று அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூட நான் குடிக்கவில்லை. புத்தகத்தையும் எடுக்கவில்லை.

அவள் நடித்தால் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள். கூரியர் அண்ணன் எங்கள் ஆஸ்தான எதிரி வீரன். வாரத்துக்கு மூன்று தடவை ஊளையிட்டுச் சாகிற மனுஷன். அவரே ஒருநாள், "இந்தப் பொண்ணு கையால செத்தா கௌரவமா இருக்கு" என்றார். நாலு வருடமாக என் கையால் செத்தவர்.

நகர மண்டபத்தில் சித்திரக்கதை ரசிகர்களின் கண்காட்சி வருவதாக இருந்தது. முதல்முறையாக வெளியாட்கள் முன்னால் மூன்று மணி நேரம் ஆடப்போகிறோம். அந்தச் செய்தி வந்த வாரம்தான் புதுசு கையைத் தூக்கினாள்.

"டாக்டர், ஒற்றைக்காதன் நான் பண்ணிப் பார்க்கட்டுமா? அக்காவுக்கு ஆட்சேபணை இல்லன்னா."

அக்காவுக்கு ஆட்சேபணை இருந்தது. ஆனால் கேட்டால் போட்டி வைத்தாக வேண்டும் என்பது விதி. இரண்டு பேரும் ஒரே காட்சியை ஆட வேண்டும். குறைவாக அட்டை வாங்கியவருக்கு வேஷம். சமமாக வந்தால் எல்லோரும் கை தூக்கி முடிவு செய்வார்கள். கை தூக்குகிற கட்டம் வந்தால் நான் தீர்ந்தேன் என்று எனக்குத் தெரியும்.

காட்சி அந்தக் கிழங்குக் காட்சிதான். எதிரி வீரன் ரத்தம் சொட்டக் கரையேறுகிறான். ஒற்றைக்காதன் வெட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து கிழங்கைப் பிட்டுக் கொடுக்கிறான். படத்தில் கோரைப்புல் இடுப்பு வரை மறைத்திருக்கும். எப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று தெரியாது. இருபத்திரண்டு பாகத்தில் வேறெங்கும் அவன் உட்கார்ந்த மாதிரி வரையவில்லை. புதுசு வந்த பிறகு நாங்கள் அந்தக் காட்சியை ஆடியதும் இல்லை.

புதன்கிழமை ஃபோன் வந்தது. டீ இடைவேளையில் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா, ஒரே ஒரு டவுட். அவன் எப்படி உக்காருவான்? படத்துல தெரியலையே."

"உங்கப்பா கிட்ட கேக்க வேண்டியதுதானே? சுவர் முழுக்க வெச்சிருக்கீங்களே."

"ஐயோ அப்பாவா! ரெண்டு மணி நேரம் கிளாஸ் எடுப்பார். நீங்கன்னா பட்டுன்னு சொல்லிடுவீங்க. நீங்க சொன்னா கரெக்டா இருக்கும்க்கா."

விரல் நுனியெல்லாம் ஸ்டிக்கர் பசை. அதைச் சுரண்டிக்கொண்டே சொன்னேன்.

"முட்டி போட்டு, குதிகால் மேல. முதுகு நேரா."

"சினிமாவுல வர்ற மாதிரியே?"

"ஆமா."

"தேங்க்ஸ்க்கா! நீங்க தங்கம்!"

அது பொய். மண்டியிட்டு உட்காருவதே மரியாதை என்று ஆனதெல்லாம் பின்னால் வந்த சமாதான காலத்தில். அந்தப் போர்க்காலத்து வீரன் சம்மணம் போட்டுத்தான் உட்காருவான். இது லைப்ரரி சாருக்குத் தெரியும். தெரியும் என்று எனக்குத் தெரியும். வாய் தவறிச் சொல்லவில்லை. யோசித்துச் சொன்னேன். அன்று மீதியிருந்த முந்நூறு குழாயிலும் ஒரு ஸ்டிக்கர்கூடக் கோணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சீட்டுப் போட்டதில் அவள் முதலில். கரையில் நின்றாள். ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து, இல்லாத காதால் எதையோ கேட்கிற மாதிரி. படத்தில் அப்படி இல்லை. ஆனால் படத்துக்கு மாறாகவும் இல்லை, மஞ்சளைத் தூக்க முடியாது. நாலு வருடத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. கூரியர் அண்ணன் தவழ்ந்து வந்தார். வழக்கமாக ஊளையிடுகிற ஆள் அன்று முனகினதோடு சரி. அவள் வாளிலிருந்து கையை எடுத்தாள். எடுக்க நேரமானது. பிறகு மெதுவாக மண்டியிட்டு, குதிகால் மேல் உட்கார்ந்தாள்.

நீல அட்டை மேலே போனது.

"அந்தக் காலத்துல போர்வீரன் இப்படி உக்கார மாட்டான்மா," என்றார் லைப்ரரி சார். அவருக்கே அதைச் சொல்ல மனசில்லை. "இது பின்னாடி வந்த பழக்கம்."

புதுசு என்னைப் பார்த்தாள். இரண்டு நொடி இருக்கும். நான் முகத்தை மாற்றவில்லை.

"என் தப்பு சார். சினிமாவைப் பார்த்துட்டு வந்துட்டேன்," என்றாள். காலை மாற்றி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கிழங்கைப் பிட்டபோது பெரிய துண்டைத் தனக்கு எடுத்துக்கொண்டு, பிறகு அதை எதிரிக்கு மாற்றிக் கொடுத்தாள். பின் வரிசையில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

அடுத்து நான். வாள் சரியான பக்கம். கூர்முனை சரியான திசை. சம்மணம். கிழங்கு. ஒரு அட்டையும் இல்லை. எல்லாம் முடிந்ததும் கூரியர் அண்ணன் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "தப்பே இல்லம்மா," என்றார். பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி.

பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். "கணக்கு தெளிவா இருக்கு. ஒரு அட்டை, பூஜ்ய அட்டை. வேஷம் இவளுக்கே." என்னைத்தான் காட்டினார். நாலைந்து பேர் கை தட்டினார்கள், கடமைக்கு. நான் ஜெயித்துவிட்டேன். அங்கேயே விட்டிருந்தால் முடிந்திருக்கும்.

லைப்ரரி சார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"ஆனா ஒண்ணு சொல்லணும். தப்புன்னு சொன்ன உடனே ஒரு சாக்குச் சொல்லாம ஏத்துக்கிச்சு பாருங்க இந்தப் பொண்ணு? எனக்கு ஒற்றைக்காதனையே பார்த்த மாதிரி இருந்துச்சு."

"ஆமா," என்றார் பல் டாக்டர். "அது நடிச்சு வர்றதில்ல. வளர்ப்பு."

இப்போது எல்லோரும் கை தட்டினார்கள். அவள் தலை குனிந்துகொண்டாள்.

வளர்ப்பாம். என் பொய்யின் மேல் ஏறி நின்றுகொண்டு அவளுக்கு நல்லவள் பட்டம். என்னைக் காட்டிக் கொடுக்காமல் விட்டதுகூட அவள் எனக்குப் போட்ட பிச்சை. அந்த வேஷத்தை வீட்டுக்கு எடுத்துப் போனால், ஒவ்வொரு முறை கால்சட்டையை மாட்டும்போதும் அவள் கொடுத்த கால்சட்டையாக அல்லவா இருக்கும்? மனசாட்சி உறுத்தியது என்று யாராவது நினைத்தால் தப்பு. எனக்கு வயிறுதான் எரிந்தது.

"நான்தான் அப்படி உக்காரச் சொன்னேன்," என்றேன்.

கை தட்டல் நின்றது.

"புதன்கிழமை ஃபோன் பண்ணிக் கேட்டா. தப்புன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். அவ ஒண்ணும் சினிமா பார்த்துட்டு வரல. அதனால வளர்ப்பு அது இதுன்னு பேசறதை நிறுத்துங்க."

"என்னம்மா சொல்ற?" என்றார் கூரியர் அண்ணன். "உனக்கெதுக்கு இந்த வேலை?"

"பொறாமை. வேற என்ன?"

பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அட்டையை ரத்து செய்தார். பூஜ்யத்துக்குப் பூஜ்யம். கை தூக்கச் சொன்னார். யாருக்குத் தூக்கினார்கள் என்று நான் எண்ணவில்லை. எண்ணுகிற அளவுக்கு என் பக்கம் கை எழவில்லை.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். லைப்ரரி சார் சொன்னதுதான் உள்ளே போனது. அவர் திட்டவில்லை. நீல அட்டையை நோட்டுக்குள் செருகிக்கொண்டே, "அடுத்த வருஷம் இந்த நாற்காலியை உனக்குக் கொடுக்கணும்னு நெனச்சிருந்தேன்," என்றார். "இனிமே நீ சொல்ற சரித்திரத்தை யாரும்மா நம்புவாங்க?"

எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். மரக்கத்தியைத் துணியில் சுற்றினேன். முடிச்சு விழவில்லை. அப்படியே அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினேன்.

பாதிப் படியில் பின்னாலிருந்து செருப்புச் சத்தம். புதுசு. மூச்சு வாங்கியது. கோபம் என்று ஒன்று அந்த முகத்தில் வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மூக்கு சிவந்து, உதடு கோணி, அசிங்கமாக இருந்தாள்.

"என்னக்கா நெனச்சிட்டிருக்கீங்க? நான்தான் ஒண்ணும் சொல்லாம விட்டுட்டேன்ல? பேசாம வாங்கிட்டுப் போயிருக்கலாம்ல?"

"நீ யாருடி எனக்கு விட்டுக் கொடுக்க?"

"நாலு வருஷமா நீங்க பண்ணது. எனக்குத் தெரியாதா? அதான்..."

"அதான் பாவம்னு விட்ட. உனக்கு விட்டுக் கொடுக்க நெறைய இருக்கு. எனக்கு இல்ல."

"நான் உங்களை நம்பித்தானே கேட்டேன்!" கத்தியே விட்டாள். கீழே ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்த ஒருவர் அண்ணாந்து பார்த்தார். "எல்லாரையும் விட்டு உங்களைத்தானே கேட்டேன்!"

நழுவிய மரக்கத்தியை மறுபடி இடுக்கிக்கொண்டேன். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தாள்.

"கண்காட்சிக்கு மூணு வாரம்தான் இருக்கு. கரையில மணிக்கணக்கா இருக்கான். காவல் இருக்கறவன் எப்படி உக்காருவான், வாள் எங்க இருக்கும்? இப்பவாவது உண்மையைச் சொல்லுங்க."

"சொன்னா நம்புவியா?"

"மாட்டேன். போய்ச் சரிபார்ப்பேன்."

சொன்னேன். சம்மணம், ஆனால் ஒரு கால் சட்டென்று ஊன்றி எழுகிற மாதிரி கொஞ்சம் தளர்வாக. நீண்ட வாளை இடுப்பிலிருந்து கழற்றிக் கைக்கு எட்டுகிற தூரத்தில் தரையில். ஈரமான கரை என்றால் கீழே ஏதாவது விரித்திருப்பான், வைக்கோலோ தோலோ. எந்தப் புத்தகத்தில் எந்த அத்தியாயம் என்பதையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டம் போட்டாள், சரிபார்த்த பிறகு டிக் அடிப்பதற்கு.

சரித்திரம் படித்தவள் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்ய வேண்டும். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். வீட்டுக்குப் போனதும் அந்த ஏணியை நகர்த்தி, மேல்தட்டில் கை வைத்து, ஒரே மாலையில் அவ்வளவு கட்டத்துக்கும் டிக் அடித்துவிடுவாள்.

"கடைசி வரியில அத்தியாயம் எழுதாம விட்டுட்ட," என்றேன்.

எழுதினாள். நான் இறங்கி நடந்தேன்.