காதலனுக்குச் சட்டை போட்டுவிட்டவர்

புத்தகத்தில் இடுப்பு என்று இருந்தது. அவர் தோள் என்று சொன்னார். மகள் தோள் என்றே டைப் அடித்தாள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அந்தத் தைரியத்தில், அடுத்த பக்கத்தில் கழுத்தடியில் விழுந்திருந்த முத்தத்தையும் அவர் தூக்கி நெற்றியில் வைத்துவிட்டார்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாலே அவருக்குத் தண்ணீராகக் கொட்டியது. அதனால் பூதக்கண்ணாடி வைத்து ஸ்பானிஷ் புத்தகத்தைப் படிப்பார், வரியை மனசுக்குள் ஆங்கிலத்தில் உருட்டிப் பார்ப்பார், பிறகு வாய்விட்டுச் சொல்வார். வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு மகள் உட்கார்ந்து அடிப்பாள். ஒரு பெண் எழுதிய காதல் கவிதைகள். அதுவும் படுக்கையைவிட்டு எழுந்திருக்க மனசே இல்லாத காதல். அதைப் பெற்ற மகளிடம் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கும் என்பது அவர் புத்திக்கு உறைத்தபோது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

அவர் ஆயுசு முழுக்கக் கப்பல் கம்பெனியில் ஸ்பானிஷ் கடிதங்களை ஆங்கிலமாக்கியவர். காணாமல் போன பெட்டி, நனைந்து போன சரக்கு, தாமதத்துக்கு வருந்துகிறோம். ரிட்டயரான பிறகு பொழுதுபோகாமல் அந்தக் கவிஞரின் மழைக் கவிதைகள் சிலவற்றை மொழிபெயர்த்துப் பத்திரிகைக்கு அனுப்பினார். அதைப் பார்த்த பதிப்பகத்தார் காதல் கவிதைத் தொகுப்பு முழுவதையும் செய்யச் சொன்னார்கள். அட்டையில் அவர் பெயரும் வரும். இந்த வயதில் அப்படி ஒரு ஆசை வரக்கூடாதுதான், ஆனால் வந்துவிட்டது. கடைக்குப் போனால்கூடப் புத்தக அட்டைகளில் தன் பெயர் எந்த மூலையில் வரும் என்று பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரே நிபந்தனை, கவிஞர் படித்துவிட்டுச் சரி என்று சொல்ல வேண்டும்.

மகள், புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு இந்த வீட்டுக்குத் திரும்பியவள். பெட்டியைக் கொண்டுவந்து தன் பழைய அறையில் வைத்தாள், மறுநாள் வேலைக்குப் போனாள். அதைப் பற்றி அவர் எதுவும் கேட்டதில்லை. கேட்காமலிருப்பதுதான் பாசம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அனுப்பிய மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டுக் கவிஞர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தார். எழுபதைத் தாண்டிய அம்மாள், நரைத்த முடியைக் கலைந்தபடியே விட்டிருந்தார். லேப்டாப்பைச் சரிசெய்து கொடுத்துவிட்டு மகள் பின்னாலேயே நின்றாள். அவளும் இருப்பதைப் பார்த்த கவிஞர், மரியாதைக்கு ஆங்கிலத்திலேயே பேசினார்.

"ஆங்கிலம் அழகாக இருக்கிறது," என்றார். இவர் முகமெல்லாம் பல்லாக இருந்தது. "ஆனால் என் கவிதையில் இரண்டு பேர் படுத்திருந்தார்கள். உங்கள் கவிதையில் அவர்கள் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்கள். என் காதலனுக்கு எதற்குச் சட்டை போட்டுவிட்டீர்கள்? அவனுக்குக் குளிருகிறதா?"

மகள் பக்கென்று சிரித்துவிட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டை கைவிட்டுப் போவது போலிருந்தது. சட்டென்று ஸ்பானிஷுக்குத் தாவினார். தனக்கு மொழி தெரியாமல் இல்லை. டைப் அடிப்பது மகள், அவளைக் கணவன் கைவிட்டுவிட்டான், இந்த மாதிரி வரிகளைக் கேட்டால் அழுகிறாள், அவள் மனசு நோகக்கூடாது என்றுதான் அங்கங்கே மாற்றவேண்டியதாயிற்று. தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று எழுதிய அதே வழவழப்போடு வார்த்தைகள் வந்து விழுந்தன. மகளுக்கு ஒரு சொல்கூடப் புரியாது என்ற தெம்பும் இருந்தது.

கவிஞர் கேமராவின் பக்கம் குனிந்து, அவரைத் தாண்டி, மகளைப் பார்த்து மறுபடி ஆங்கிலத்தில் சொன்னார்: "உன் கணவரைப் பற்றி இப்போதுதான் தெரிந்தது, பெண்ணே. என் வரிகளைக் கேட்டு நீ அழுவதாக அப்பா சொல்கிறார். உனக்காகத்தான் மாற்றினாராம். அப்படியென்றால் நான் அவசரப்படுத்தமாட்டேன்."

அந்தக் குரலில் துளிக்கூடக் கேலி இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. அவருக்கு இரண்டு காதும் கொதித்தன. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. மகள்தான் முன்னால் வந்து, எல்லாவற்றையும் திருத்தி அனுப்புகிறோம் என்று நன்றி சொல்லி, லேப்டாப்பை மூடினாள்.

"என்னைச் சாக்கா சொல்லிட்டீங்க, இல்ல?"

"இல்லம்மா... ஒரு பேச்சுக்கு..."

"நான் எப்பப்பா அழுதேன்? உங்க முன்னாடி ஒரு தடவயாவது அழுதிருக்கேனா?"

அவர் பூதக்கண்ணாடியை எடுத்து வேட்டி நுனியால் துடைத்தார்.

"நாள் பூரா யார் யாரோட இடுப்பையோ முட்டியையோ மடக்கி நிமித்திட்டு வர்றேன். பிசியோதெரபின்னா என்னன்னு நினைச்சீங்க? இடுப்புன்னு ஒரு வார்த்தை கேட்டா மயங்கி விழுந்துடுவேனா?"

"வெட்கமா இருந்துச்சும்மா. எனக்குத்தான்."

"அதை அவங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே."

சொல்லியிருக்கலாம். வெட்கம் என்று சொன்னால் அந்த அம்மாள் சிரித்திருப்பார், அவ்வளவுதான். அதைவிட மகளின் துக்கத்தை எடுத்துக் காட்டுவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அவளிடம் ஒருநாளும் கேட்காத துக்கத்தை, முன்பின் தெரியாத ஒருவரிடம், தன் பெயர் அட்டையில் வரவேண்டும் என்பதற்காக. நினைக்க நினைக்க அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மகள் லேப்டாப்பை ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்து, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "முதல் கவிதையிலேருந்து சொல்லுங்க. என் மூஞ்சியப் பார்த்தாத்தானே உங்களுக்கு வாய் வரல."

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். முதலில் காற்றுதான் வந்தது. இடுப்பு இடுப்பாயிற்று. முத்தம் நெற்றியிலிருந்து இறங்கியது. மகளின் விரல்கள் படபடவென்று ஓடின. ஒருமுறை, "கொஞ்சம் சத்தமாப்பா, பக்கத்து வீட்டுக்கும் கேக்கட்டும்," என்றாள். அவருக்கு லேசாக மூச்சு வந்தது.

அடுத்த பக்கத்தில் இருந்தது அவர் மொத்தமாகவே விட்டுவிட்ட கவிதை. அதில் இடுப்பும் இல்லை, தொடையும் இல்லை. சின்னக் கவிதை, பெரிதாக ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தாண்டியிருந்தார். எதற்காகத் தாண்டினோம் என்பது பூதக்கண்ணாடியை வைத்ததும் தெரிந்துவிட்டது. இப்போதும் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிடலாம்.

"என்னப்பா, அடுத்தது?"

சொன்னார். "நீ போன பிறகு என் முதுகைத் தொடுவது துண்டு மட்டும்தான்."

டைப் அடிக்கும் சத்தம் வரவில்லை. தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

"திரும்பச் சொல்லுங்கப்பா."

திரும்பச் சொன்னார். இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக அடித்தாள். அடித்து முடித்த பிறகும் கைகளை எடுக்கவில்லை. அவளுடைய முதுகு அவருக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவர் பூதக்கண்ணாடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, அடுத்த வரிக்காகக் காத்திருக்கும் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.