கல் புரளும் காட்சி

பெலிக்ஸ் போன பிறகும் அவனுடைய கம்ப்யூட்டர் ஒருநாள்கூட அணைந்து கிடந்ததில்லை. காலையில் எழுந்ததும் அருள்ராணி முதலில் அதன் பட்டனைத் தட்டுவார். அப்புறம்தான் அடுப்பைப் பற்றவைப்பார். ஒரே மகனைத் தை மாதம் பைக் விபத்தில் பறிகொடுத்த தாயிடம் அது ஏன் என்று கேட்க ஆவூர்ப் பக்கத்தில் எவருக்கும் வாய் வரவில்லை.

மகனின் போட்டோவையும் அவர் சுவரில் மாட்டவிடவில்லை. மாட்டி மாலை போட்டுவிட்டால் அவன் செத்தவனாகிவிடுவானாம். சட்டம் போட்ட அந்தப் பெரிய போட்டோ கம்ப்யூட்டர் பெட்டியின் தலைமேல் மல்லாக்கப் படுத்திருந்தது. அதைச் சுற்றி ஒரு ஜெபமாலை. 

திருச்சியில் நர்ஸாக இருக்கும் மகள் ஷர்லி புனித வாரத்துக்கு லீவு போட்டு வந்தது தம்பியின் வேலை ஒன்றை முடிக்கத்தான். வருஷாவருஷம் ஏசு பாடுபட்டு உயிர்த்தெழும் பாஸ்கா நாடகத்தில் ஆண்டவரின் கல்லறையை அட்டைக்கல்லால் மூடி, கயிறு கட்டி இழுப்பார்கள். போன வருஷம் கயிறு அறுந்து, உயிர்த்த ஆண்டவரே கல்லைக் காலால் எத்திக்கொண்டு வெளியே வரவேண்டியதாயிற்று. ஊரே சிரித்தது. "அடுத்த தடவ பாருங்கடா, பெரிய ஸ்கிரீன்ல நெசக் கல்லு மாதிரி புரள வைக்கிறேன்" என்று அன்றே சபதம் போட்டவன் பெலிக்ஸ். சொன்னபடி பாறை, தோட்டம், காவலாளிகள், விடியல் வெளிச்சம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் செய்தும் வைத்துவிட்டான். அந்தக் காட்சியைப் படம் படமாக வரைந்து தள்ளுவதுதான் பாக்கி. அது உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் கார்டின் வேலை. மனுஷர் செய்ய ஒன்றுமில்லை, ஓட விட்டால் போதும்.

ஓடத்தான் செய்தது. ஆனால் நாடகம் சனிக்கிழமை. வியாழன் காலையில் கணக்குப் பார்த்தால், வேலை ஞாயிறு மதியம்தான் முடியும் என்று திரை சொன்னது. நாடகத்தை நடத்தும் சந்தனராஜ் வாசலில் நின்று கையைப் பிசைந்தார்.

"இல்லைன்னா சொல்லிருத்தா. அட்டைக்கல்லுக்கு வேற கயிறு கட்டிக்கிறேன்."

"நாளைக்கிச் சாயங்காலம் வரைக்கும் பொறுங்க சித்தப்பா" என்றாள் ஷர்லி.

திருக்கோகர்ணத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பாலாஜி, பெலிக்ஸின் கூட்டாளி. அவனுக்குப் போன் போட்டாள்.

"ஓவர்கிளாக் பண்ணலாம்க்கா. கார்டோட வேகத்தக் கூட்டுறது. ஆனா அவசரப்பட்டு ஒரேயடியா ஏத்திராதீங்க. கொஞ்சம் ஏத்துங்க, ஓட விடுங்க, சூட்டப் பாருங்க. தாங்குதுன்னா அடுத்த படி. படத்துல புள்ளி புள்ளியா கலர் தெறிச்சா ஒடனே ஒரு படி எறங்கிருங்க. வோல்டேஜ் பக்கம் கையே வைக்காதீங்க. எண்பத்தஞ்சு டிகிரியத் தாண்டுனா நிறுத்திருங்க. பழைய கார்டுக்கா, போச்சுன்னா போச்சுதான்."

ஷர்லிக்கு இது புதுசில்லை. ஐ.சி.யூ.வில் பிரஷர் மருந்தை ஏற்றுவதும் இப்படித்தான். ஒரு சொட்டு கூட்டிவிட்டு மானிட்டரைப் பார்த்தபடி நிற்கவேண்டும். தூசியைத் தட்டினாள். காற்றாடியை முழு வேகத்தில் விட்டாள். வேகத்தை ஒரு படி கூட்டினாள்.

சூடு எண்பத்துநாலு. இன்னொரு படி கூட்டியதும் எண்பத்தெட்டைத் தொட்டது. சூடு தாங்காமல் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. சட்டென்று ஓட்டத்தை நிறுத்தினாள். கூட்டக் கூட்ட மெதுவாகப் போகிறதே, இது என்ன கொடுமை!

காய்ச்சல்காரருக்கு முதலில் என்ன செய்வோம் என்று யோசித்தாள். போர்வையை எடுப்போம். அப்போதுதான் அவள் கண் மேலே போனது. பெட்டியின் மூன்று பக்கமும் மேசைப் பலகை. சூடு வெளியேறக் கிடந்த ஒரே வழி தலைப்பக்கத்துச் சல்லடை. அதை முழுசாக மூடிக்கொண்டு தம்பி சிரித்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, போட்டோவ ரெண்டு நாளைக்கு அங்கிட்டு வச்சுக்கிறியா? சூடு போக வழியில்ல."

அருள்ராணி ஓடிவந்து போட்டோவின் மேல் உள்ளங்கையை அழுத்தினார்.

"எடுக்காதடி. சூடா இருக்குடி இது."

"அதத்தாம்மா நானும்..."

"மார்ச்சுவரில புள்ள கையத் தொட்டேன். அப்படி ஒரு சில்லு. அது இன்னும் என் கையவிட்டுப் போகலத்தா. இத தொட்டா சூடா இருக்கு. காச்ச வந்தா நெத்தி சுடுமே, அப்படி. அதுக்குத்தான் தெனம் போட்டு வைக்கிறேன்."

ஷர்லியும் வார்டில் இறந்துபோன எத்தனையோ பேரின் சில்லிட்ட கைகளை எடுத்து நெஞ்சின்மேல் சேர்த்து வைத்தவள்தான். அந்தச் சில்லிப்பு எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். பாழாய்ப்போன நாடகம், அட்டைக்கல்லையே இழுத்துக்கொள்ளட்டும் என்று தோன்றிவிட்டது. கூட்டிய வேகத்தைப் பழைய இடத்துக்கே இறக்கினாள்.

"சரிம்மா. அங்கயே இருக்கட்டும்."

சந்தனராஜுக்குச் சொல்லப் போனை எடுத்தாள். அருள்ராணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக வரைந்து முடித்த படத்தில் கல் பாதி விலகியிருந்தது. மீதிப் பாதியில் இருட்டு.

"இது இப்படியேதான் நிக்குமா?"

"சனிக்கெழமைக்குள்ள முடியாதும்மா."

"பாதி தொறந்துட்டு வுட்டுட்டுப் போயிருக்கானே பாவி" என்றார். சத்தமில்லாமல் அழுதார். பிறகு ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, போட்டோவை இரண்டு கையாலும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"ஓட்டுடி."

எண்பத்தெட்டு தொட்ட கார்டு எழுபதுக்கு இறங்கியது. ஷர்லி படிப்படியாக வேகத்தைக் கூட்டினாள். ஒருதடவை கலர் தெறித்ததும் ஒரு படி இறங்கி, அங்கேயே நிறுத்திக்கொண்டாள். ஓட விட்டுக் கூடவே இருந்தாள். சனிக்கிழமை மதியம் கடைசிப் படமும் வந்து சேர்ந்தது.

அன்று பொழுது சாய்ந்ததும் கோயில் மைதானத்துத் திரையில் கல் உருண்டது. ஊர் மூச்சுப் பிடித்துப் பார்த்தது. விடியல் வெளிச்சம் முன்வரிசையில் இருந்தவர்களின் முகத்தில் விழுந்தது. அருள்ராணி போட்டோவை முந்தானைக்குள் வயிற்றோடு அணைத்திருந்தார். ஷர்லி அம்மாவின் கையைப் பிடிக்கப் போனாள்; விரல் சட்டத்தின் கண்ணாடியில் பட்டது.

"என்னம்மா, சூடா இருக்கு?"

"எஞ் சூடுதாண்டி" என்றார் அருள்ராணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வயித்துல இருக்கையிலயும் இதானே அவனுக்கு."

மறுநாள் காலையில் அவர் எழுந்து நேராக அடுப்பங்கரைக்குப் போனார்.