பலியின் சம்மதம்

இன்னொரு பெண்ணாக இருந்திருந்தால் குழாயடியில் நிறுத்தி நாலு பேர் கேட்க நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாம், முடியைப் பிடித்து ஆய்ந்திருக்கலாம், அவள் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம், ஆனால் இது கடவுள், கடவுளை எந்தக் குழாயடியில் போய்ப் பிடிப்பது… பேச்சியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மஹய்யாவ பள்ளிக்கூட வீட்டிலிருந்து தெருவுக்கு இறங்கினாள். முன்னால் அவள் புருஷன் ராஜரத்தினம் போய்க்கொண்டிருந்தான், மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இரண்டையும் நேற்று அவள்தான் நீலம் போட்டு அலசிக் காயப்போட்டாள், தன்னை விட்டுப் போகிறவனுக்குத் தானே வெளுத்துக் கொடுக்கிற கூத்து உலகத்தில் எங்கேயாவது உண்டா. குண்டசாலையில் ஆற்றோரம் போதகர் நல்லதம்பி ஓர் ஆசிரமம் தொடங்கப்போகிறார், அதில் சேர்கிறவர்களுக்குக் குடும்பம் கிடையாது, ஜெபமும் உழைப்பும்தான், பெண்சாதி உள்ளவன் வருவதானால் பெண்சாதி தன் வாயால் சம்மதம் சொல்லவேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தப் பின்னேரம் இருவரையும் வரச்சொல்லியிருக்கிறார். சொல்லவேண்டியது ஒரே வார்த்தை. என்ன வார்த்தை என்று இதுவரை அவன் அவளைக் கேட்கவில்லை, ‘நீ ஒன் மனசுல உள்ளதச் சொல்லு’ என்றதோடு சரி, என் மனசில் உள்ளதைச் சொன்னால் போதகர் வீட்டு ஓடு பெயர்ந்து விழும்.

எல்லாம் அந்த மலேரியாவில் தொடங்கியது. போன வருஷம் ஊரெல்லாம் விழுந்து கிடந்தபோது போதகரோடு சேர்ந்துகொண்டு கிராமம் கிராமமாகக் கொய்னா மருந்தும் கஞ்சியும் சுமந்தான், சிங்களச் சனத்தின் குடிசைக்குள் புகுந்து புகுந்து போனான், கடைசியில் அவனே விழுந்தான். பிழைக்கமாட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நடுக்கம் வந்தால் அவன்மேல் தன் உடம்பையே போர்வையாகப் போட்டுக் கிடந்தாள், அனல் வந்தால் துணி நனைத்துத் துடைத்தாள், கழுத்து, அக்குள், உள்ளங்கால், ஒரு குழந்தையைப் பெற்றிருந்தால்கூட அப்படித் துடைத்திருப்பாளோ என்னவோ, அந்தப் பாக்கியமும்தான் இல்லையே. கண் திறந்தான். திறந்ததும் அவளைப் பார்த்தான் என்றுதான் நினைத்தாள், இல்லை, அவளைத் தாண்டி கூரையைப் பார்த்தான், ‘ஸ்தோத்திரம் ஆண்டவரே’ என்றான். துடைத்த கை இது, நன்றி அங்கே. ஈரத்துணி கையிலேயே இருந்தது, அதை அவன் முகத்தில் விட்டெறிந்திருந்தால் இன்றைக்கு இந்த நடை தேவைப்பட்டிருக்காது… அதற்குப் பிறகு பாயைச் சுருட்டிப் பள்ளிக்கூட அறைக்குக் கொண்டுபோய்விட்டான். பலகைச் சுவருக்கு இப்பால் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஜெபிக்கும்போது அவன் குரல் குழைகிற குழைவு இருக்கிறதே, ‘நீர் என்னை அறிவீர், நீர் என்னைத் தாங்கினீர்’ என்று, கல்யாணமான புதுசில்கூட அந்தக் குரலை அவளுக்குத் தந்ததில்லை. முன்பெல்லாம் வீட்டில் ‘அவரு’ என்றால் ஓர் ஆள்தான். இப்போது அவள் சொல்கிற ‘அவரு’ ஒருவர், அவன் சொல்கிற ‘அவர்’ வேறொருவர். இந்த இரண்டு அவருக்கும் நடுவில் அவள் யார், விளக்குத் துடைக்கிறவளா?

மாத்தளை ரயில் சுரங்கத்துக்குள் நுழைகிற சத்தம் கேட்டது. முடுக்குக் கடை வாசலில் ஹவ்வா உம்மா நின்றிருந்தாள், பக்கத்து வீட்டுக்காரி, எதையும் மறைக்கத் தெரியாத மனுஷி. ராஜரத்தினம் கடந்துபோகும் வரை பொறுத்துப் பேச்சியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்க புள்ள, அந்தப் பாதிரியார்ட்டயா? எங்கட நோம்புல பகலைக்குத்தான் புருஷன் பொஞ்சாதி வெலகி ஈக்கிற, ராவைக்கு அல்லாஹ்வே ஹலாலாக்கி வெச்சீக்கிறான். ஒங்கட ஆளுக்கு என்ன, வருஷம் முழுக்கப் பகலா?” பேச்சியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. “மாட்டேண்டு சொல்லிப்போடு. ஒரு வார்த்த. வாய் நோகாது.” ஆமாம் உம்மா, வாய் நோகாது, மாட்டேன் என்று சொல்லத்தானே போகிறேன், சொல்லிவிட்டு அவனை வீட்டுக்குக் கூட்டிவருவேன், பாயைத் திரும்ப விரிப்பேன். ஒரு சம்மதத்தைத் தட்டிவிட்டால் கடவுளே ஆனாலும் வெறுங்கையோடு போகவேண்டியதுதான், என்ன ஓர் இனிப்பு அந்த நினைப்பில், மாம்பழத்தைக் கடித்ததுபோல வாயெல்லாம் ஊறியது, இப்படியும் ஒருத்திக்கு ஊறுமா, கடவுளைத் தோற்கடிக்கப்போகிறேன் என்று…

அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு போன பிறகு ஒருநாள் தேத்தண்ணியை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. கண்ணால் மேசையைக் காட்டினான், அங்கே வை என்று. அவ்வளவுதான், அவளுக்கு உச்சியில் ஏறிவிட்டது. மடுல்கெல்லத் தோட்டத்தில் கங்காணி வீட்டு வாசலில் அவள் ஆத்தாளுக்கு இப்படித்தான் கோப்பையைத் தரையில் வைப்பார்கள், கைபடக்கூடாது என்று. இவன்தான் அதைக் கண்டு கொதித்தவன், உபதேசம் சொல்ல வந்த இளவட்டமாகக் கூலிகள் குடியிருந்த லயத்து வாசலில் நின்று அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னவன்: ‘முன்னெல்லாம் பரிசுத்தம்னா தொடாம இருக்கிறது. ஆண்டவர் வந்தாரு, குஷ்டரோகியத் தொட்டாரு. வருஷக்கணக்கா உதிரம் நிக்காத பொம்பள கூட்டத்துக்குள்ள வந்து அவரத் தொட்டா. அவருக்குத் தீட்டு ஒட்டல. அவருக்கிட்ட இருந்த சுத்தம் அவளுக்கு ஒட்டிக்கிச்சு.’ அந்தக் கடைசி வார்த்தையில்தான் அவள் விழுந்தாள், சுத்தம் ஒட்டுமா, தீட்டுத்தான் ஒட்டும் என்று நினைத்திருந்தேனே. அதைத்தான் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி அன்று கேட்டாள், “சுத்தம் ஒட்டும்னு சொன்னீங்களே, இப்ப என் கை பட்டா ஒங்களுக்கு என்ன ஒட்டிக்கும்?” அவன் தலையைக் குனிந்துகொண்டான். “ஒங்கிட்ட அழுக்கில்ல. என் மனசுதான் பலவீனம்” என்றான். அது பதிலா, அது பலவீனமா, அல்லது இன்னும் மிச்சமிருக்கிற ஆசையா, அப்படியென்றால் அந்த மிச்சம் எனக்குச் சேரவேண்டியதில்லையா? ராத்திரி அந்த மிச்சத்தையும் சேர்த்து அவரிடமே ஒப்புக்கொடுத்துக் கொண்டிருந்தான்.

தபால் கந்தோரைத் தாண்டி வாவிக் கரையை ஒட்டி நடந்தார்கள். பௌத்தர்களின் மாளிகைப் பக்கமிருந்து தவில்போல ஏதோ ஒரு மேளம், தோட்டத்துக் கோயில் மேளமில்லை, ஆனாலும் மேளம் கேட்டால் அவளுக்கு அந்த ஆடு கண்முன் வந்துவிடும். தோட்டத்து முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட கிடாய், காது மட்டும் வெள்ளை, அவள்தான் புல் அறுத்துப் போட்டு வளர்த்தாள். மாலை போட்டு நிறுத்தி, மஞ்சள் தண்ணீரைத் தலையில் தெளித்தார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறவேண்டும், உதறினால் சம்மதம், உதறாவிட்டால் வெட்டமாட்டார்கள். அது உதறவில்லை. திரும்பத் தெளித்தார்கள். அவளைப் பார்த்துக்கொண்டே நின்றது. உதறிடாதே உதறிடாதே என்று இவள் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒருவர் காதுக்குள்ளேயே ஊற்றினார், காதுக்குள் தண்ணீர் போனால் எந்த ஆடுதான் உதறாது… ‘சம்மதம் குடுத்திருச்சு’ என்று கூட்டம் கத்தியது. அந்த அழுகையோடுதான் ராஜரத்தினத்தின் பேச்சைக் கேட்டாள், ‘இனிமே ஆடு வேணாம். ரத்தம் வேணாம். ஒரே தரம், எல்லாருக்குமாச் சேத்து, தன்னையே குடுத்துட்டாரு. இதுக்கு மேல குடுக்க ஒண்ணுமில்ல’ என்றான். போதும் என்று சொல்லுகிற ஒரு சாமி! அந்தப் போதும் என்ற சொல்லுக்காகத்தான் ஞானஸ்நானம் எடுத்தாள். போதும் என்றவருக்கு இன்னும் என் புருஷன் எதற்கு? கேட்டே விட்டாள் அதையும். அவன் பொறுமையாகத்தான் சொன்னான், பாடம் நடத்துகிறவன் அல்லவா, “அது பாவத்துக்குச் செலுத்துன பலி, அது முடிஞ்சிருச்சு. இது நன்றிக்கு. செத்துக் குடுக்கிறதில்ல, உசுரோட இருந்து குடுக்கிறது.” “உசுரோட இருக்கப்போறது நீங்க. நான்?” இப்போது என் தலையில் தண்ணீர் தெளிக்கத்தான் கூட்டிப்போகிறான், உதறுவேனா என்று பார்க்க.

போதகர் வீடு வாவிக்கு மேலே, மேட்டில். போதகர் நல்லதம்பி யாழ்ப்பாணத்து மனிதர், வயசாளி, மனைவியைப் பறிகொடுத்தவர். ராஜரத்தினத்தை வெளி விறாந்தையில் இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். “வாரும் பிள்ளை, இந்தக் கதிரையிலை இரும். தண்ணி குடிக்கிறீரோ?” வேண்டாம் என்று தலையசைத்தாள். “இதுக்கு உம்முடைய புருஷன்ரை விருப்பம் மட்டும் போதாது. ஆதித் திருச்சபையிலை இருந்தே அப்பிடித்தான். ரெண்டு பேரும் ஒருமனப்படாமல் ஒருத்தரை ஒருத்தர் விடேலாது. உமக்கு விருப்பமில்லையெண்டால் இல்லையெண்டு சொல்லும். நான் காரணம் கேக்கமாட்டன்.” காதுக்குள் தண்ணீர் ஊற்றமாட்டேன் என்கிறார், நல்ல மனிதர். ‘இல்லை’ நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது, வழியெல்லாம் ருசி பார்த்துக்கொண்டே வந்த வார்த்தை. சொல்லத்தான் போனாள், சொன்ன பிறகு என்ன என்று அப்போதுதான் முதல் தடவையாக நினைத்தாள். அவன் வீட்டுக்கு வருவான், பாயை விரிப்பாள், படுப்பான், படுத்துக்கொண்டு அவளைத் தாண்டிக் கூரையைப் பார்ப்பான். கிடைத்ததை மறந்துபோகலாம், கிடைக்காமல் போனது ஒன்றை எந்த ஆணாவது மறந்திருக்கிறானா, சாகிற வரைக்கும் அவர் அவனுக்குக் கிடைக்காமல் போனவராகவே இருப்பார், தடுத்தவளாக இவள் இருப்பாள். யார் ஜெயித்தது? விறாந்தையில் இருக்கிறவனை நினைத்தாள், முதுகு நேராக, கைகளைக் கோத்துக்கொண்டு, கொடுக்கப்போகிறவனின் நிம்மதியோடு, அந்த நிம்மதி! அதைக் கண்டால்தான் வயிறு எரிகிறது, நான் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது, அவனுக்கு மட்டும் கையில் ஏதோ இருக்கிறது கொண்டுபோய் வைக்க… என்ன இருக்கிறது அவன் கையில்? எது அவனுடையது?

“ஐயா, ஒண்ணு கேக்கலாமுங்களா. அடுத்தவங்க ஆட்டைப் புடிச்சிட்டுப் போயி பலி குடுத்தா அது பலியா, களவா?”

“களவுதான்.”

“அப்ப எங்க அவரு யாரு ஆடுங்க?”

போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“சாகக் கெடந்தவர இழுத்துக்கிட்டு வந்தவ நானுங்க. அவரு அவருக்கே சொந்தமில்ல, எனக்குச் சொந்தம். குடுக்கிறதுன்னா நான்தான் குடுக்கணும்.” தன் குரல் தனக்கே கேட்டது, வேறு யாரோ பேசுவதுபோல. “குடுக்கிறேன். நான் குடுத்தேன்னு சொல்லுங்க. அவரு குடுத்ததா சொல்லாதீங்க.”

“மனசாரவோ, பிள்ளை?”

“மனசு சுத்தமில்லீங்க. எரிச்சலோடதான் குடுக்கிறேன். ஏத்துக்கிறதும் தள்ளுறதும் சாமி பாடு.”

தள்ளுவார், தள்ளினால் தள்ளட்டும், வேதத்தில் வருகிற முதலாவது அண்ணன் தம்பி இரண்டு பேர் காணிக்கை கொண்டுவந்து வைத்தபோதே ஒருத்தனுடையதைப் பார்த்தார், ஒருத்தனுடையதைப் பார்க்கவில்லை, பார்க்காமல் விடப்பட்டவன் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும், அந்தக் கதையைச் சபையில் வாசிக்கும்போதெல்லாம் எல்லோரும் அண்ணன் கையால் செத்த தம்பிக்காக அழுவார்கள், அவளுக்கு மட்டும்… போதகர் கண்ணாடியைத் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார். “பழுதில்லாத பலிதான் வேணுமெண்டு இவ்வளவு காலமும் படிப்பிச்சன்” என்றார் மெல்ல. “குடுக்கிற கை பழுதில்லாமல் இருந்ததை நான் ஒருநாளும் காணேல்லை. என்ரை கையையும் சேத்துத்தான்.” எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். “தம்பி, வாரும். உம்முடைய பெண்சாதி சம்மதம் தந்திட்டா.”

ராஜரத்தினம் வாசலிலேயே நின்றான். ஸ்தோத்திரம் என்று சொல்வான் என்று அவள் காத்திருந்தாள், அந்த வார்த்தையைத் தாங்கிக்கொள்ளப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அது வரவில்லை. “சம்மதமா?” என்றான். போதகர் தலையசைத்தார். “அவளேவா சொன்னா?” அவன் கை நிலைக்கட்டையைத் தேடியது, பிடித்துக்கொண்டது, காய்ச்சல் தொடங்கிய அன்றைக்கும் இப்படித்தான் பிடித்தான். போதகர் ஜெபித்தார், இருவர் தலையிலும் கை வைத்தார். ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் அவன் வாய் திறக்கவில்லை, அவள்தான் சொன்னாள்.

மேட்டுப் பாதையில் இறங்கும்போது வாவித் தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது. பாதி வழியில் அவன் நின்றான், “நான் நெனச்சேன்…” என்றான், நிறுத்திக்கொண்டான். என்ன நினைத்தான்? மாட்டேன் என்பாள் என்று நினைத்தானோ, அதை நம்பித்தான் இவ்வளவு தூரம் கூட்டிவந்தானோ, அவள் தடுத்ததாகச் சாகும்வரை கடவுளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று… அந்தக் குழைவு, அந்தக் கண்ணீர், பலகைச் சுவருக்கு அப்பால் கேட்ட அவ்வளவும், இவள் இப்பால் படுத்திருக்கிறாள் என்ற தைரியத்தில்தானா? அவன் முகத்தைப் பார்த்தாள். அவளைத் தாண்டி எங்கேயும் பார்க்காமல், அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். கேட்டால் இப்போது மனசில் உள்ளதைச் சொல்லிவிடுவான் என்று தோன்றியது. அவள் கேட்கவில்லை, நடந்தாள்.