பாதி மாத்திரை

வாஷர் போட்டு வைக்கிற தகர டப்பாவில் மாத்திரை இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, நானே சரிசெய்துவிடலாம் என்றுதான் என் வீட்டுக்காரருடைய கருவிப் பெட்டியைத் திறந்தேன். ஊரில் உள்ள குழாயையெல்லாம் பழுது பார்க்கிற மனிதருக்குச் சொந்த வீட்டுக் குழாய் மட்டும் கண்ணில் படாது. டப்பாவைக் கவிழ்த்தால் கறுப்பு வாஷர்களோடு வெள்ளை வெள்ளையாகப் பாதி மாத்திரைகள் கொட்டின. பிரஷர் மாத்திரை. ஒவ்வொன்றையும் நேர்த்தியாக வெட்டியிருந்தார். காசு கொடுத்து வாங்கியதை வீசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

அன்று காலையில்தான் கண் டாக்டர் அவருடைய இடது கண்ணைப் படம் எடுத்துத் திரையில் காட்டியிருந்தார். "பெரிய ரத்தக்குழாய் ஓரளவு தாங்கிக்கும். நூல் மாதிரி இருக்கிற இந்தச் சின்னக் குழாய்ங்கதான் அழுத்தத்துல சுவர் தடிச்சு உள்ளுக்குள்ள குறுகிப்போகுது. இங்க பாருங்க, ரத்தம் கசிஞ்சிருக்கு. கிட்னிக்குள்ளயும் இப்படித்தான் இருக்கும். மாத்திரை ஒழுங்கா போடுறீங்கள்ல?"

"ஒரு நாள் விட்டதில்ல டாக்டர்" என்றார் இவர். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பலமாகத் தலையாட்டினேன். தினமும் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறவள் நான்தானே.

அடுத்த அறையில் இருந்த, பிரஷருக்குப் பார்க்கிற எங்கள் டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, இந்த மாத்திரைக்குப் பிரஷர் அடங்கவில்லை என்று அளவை இரண்டு மடங்காக்கி, கூடவே இன்னொன்றும் எழுதினார். ஏதாவது என்றால் கூப்பிடச் சொல்லி அட்டையும் கொடுத்தார். சரியாகப் போட்டுவந்தால் சில மாதங்களில் அந்தச் சின்னக் குழாய்களின் சுவர் ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பலாம் என்றும் சொன்னார். மாத்திரை ஆரம்பித்த எட்டு மாதத்தையும் இந்த மனிதர் டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறார்.

வேலை முடிந்து வந்தவர் முன்னால் டப்பாவை வைத்தேன். கொஞ்சமும் கூசாமல் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

"முதல் வாரம் முழுசா போட்டப்ப, எழுந்து நின்னா கிறுகிறுன்னு வந்துச்சு. பழைய பைப்பு உள்ள குறுகியிருக்கும்போது பிரஷரைக் குறைச்சா, மேல் மாடிக்குத் தண்ணி ஏறாது. தலைதானே மேல் மாடி? அதான் நானே பாதியா அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டேன்."

"உங்க உடம்பு என்ன அடுக்குமாடியா? அந்தப் பிரஷர்தாங்க பைப்பையே குறுக்குது! கிறுகிறுன்னு வந்ததை டாக்டர்கிட்ட சொன்னா வேற மருந்து மாத்தியிருக்க மாட்டாரா?"

"சரி விடு. நாளையிலேர்ந்து முழுசா போடறேன்."

"எதைப் போடுவீங்க? முழுசா போட்டும் கேக்கலன்னு நெனச்சு அவர் எழுதின அளவு அது. அப்படியே முழுங்கி எங்கயாவது ஏணியிலேர்ந்து விழவா? போன் பண்ணி உள்ளதைச் சொல்லுங்க."

முப்பது வருடத் தொழிலில் வேலைக்குக் கூப்பிட்ட எவரிடமும் இவர் 'என் தப்பு' என்று சொன்னதில்லை. குழாய் மட்டம், கட்டிடம் மட்டம், முன்னால் வந்தவன் மட்டம். இந்த மனிதரோடு முட்டிக்கொள்வதைவிடச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்று அலுப்பாக இருந்தது. அழுகையும் வந்தது, அவர் எதிரில் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"கண்ணு போகப்போகுதுங்கற மாதிரி ஏன் கத்தற? நல்லாத்தான் தெரியுது, பாரு." டாக்டரின் அட்டையை எடுத்தார். வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு எண்ணை உரக்கப் படித்தார். "ஒன்பது, நாலு, நாலு..." நிறுத்தினார். அட்டையைக் கிட்டே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"நடுவுல ரெண்டு நம்பர் அழிஞ்சுபோயிருக்கே."

அட்டை புத்தம் புதிது. ஒரு கீறல்கூட இல்லை.

எண்ணை அழுத்தி, போனை அவர் காதில் வைத்தேன். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. நல்ல கண்ணை மூடிய கையை அவர் இன்னும் எடுக்கவில்லை.