நெல்லா, உளுந்தா

சிங்கப்பூரிலிருந்து திரும்பிய வளவன் ஒரு டேப்ரெக்கார்டரையும் தேர்தல் ஆசையையும் கொண்டுவந்தான். வலங்கைமான் பக்கத்தில் இருந்த அவன் ஊரில், வாய்க்கால் மடையை எப்போது திறப்பது என்பதைத் தலைமுறையாகக் குஞ்சிதபாதம் வீட்டார்தான் முடிவு செய்தார்கள். "இனிமே ஓட்டுப் போட்டு முடிவு பண்ணுவோம்" என்றான் வளவன். நடவுக்குப் பெண்களைத் திரட்டிப்போகும் நீலாம்பாளும் அவனோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். மாரியம்மன் கோயில் வாசலில் ஊரே கை தூக்கியது. புதிதாக அமைத்த தண்ணீர்ச் சங்கத்துக்கு நீலாம்பாள் தலைவி, வளவன் செயலாளர். அன்று தெருவெல்லாம் கேசரி வாசனை.

அந்தக் குறுவைக்குக் கடைமடை வரை தண்ணீர் பாய்ந்தது. வளவனுக்கு அது போதவில்லை. குஞ்சிதபாதத்தின் டிராக்டரை வாடகைக்கு எடுத்தவர்களை மக்கள் விரோதிகள் என்றான். அவர் வயல் மடையை அடைத்தான். சங்கக் கூட்டத்தில் சிறு விவசாயி இருதயசாமி எழுந்து, "அவரு பயிரும் காயுதுல்ல தம்பி" என்றார். மறுநாள் இருதயசாமியின் நாற்றங்காலை யாரோ மாடு விட்டு மேய்த்திருந்தார்கள்.

நீலாம்பாள் நேரே வளவனிடம் போனாள்.

"யாரு வேலை இது?"

"புரட்சின்னா நாலு நாத்து மிதிபடத்தான் செய்யும்க்கா."

"நாத்து இல்லடா, அது அவரு வீட்டுச் சோறு."

"எதிரிக்குப் பாவம் பாக்குறவங்களும் எதிரிதான்."

நீலாம்பாள் தன் நாற்றைப் பறித்துக்கொண்டுபோய் இருதயசாமி வயலில் நட்டாள். கூட வந்தவர்கள் இரண்டே பெண்கள். அடுத்த நாள் அவள் வீட்டுச் சுவரில் சிவப்புச் சாயத்தில், 'நீளாம்பாள் துரோகி.'

"பேரையாச்சும் ஒழுங்கா எழுதியிருக்கலாம்" என்று சிரித்தாள்.

செயலாளரை மாற்றுவதா என்று முடிவு செய்யக் கூட்டம் போட்டாள். யார் கை தூக்குகிறார்கள் என்று பார்க்க, வளவனின் ஆட்கள் கம்போடு சுற்றி நின்றார்கள். நீலாம்பாள் ஒரு குடத்தைக் கொண்டுவந்து வாயில் துணியைப் போட்டு மூடினாள்.

"யாரும் கை தூக்க வேணாம். வளவன் இருக்கணும்னா நெல்லு, வேணாம்னா உளுந்து. கைய மூடிக்கிட்டுப் போடுங்க."

குடத்தைக் கவிழ்த்தபோது பாய் முழுக்கக் கறுப்பு உளுந்து. "எதிரிங்க ஓட்டு செல்லாது" என்று வளவன் கத்தினான். கம்பு வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அவர்கள் போட்டதும் உளுந்துதான் போலிருக்கிறது.

அடுத்த வாரம் வளவன் வயலுக்குத் தண்ணீர் முறை வந்தது.

"அடைச்சிரலாமாம்மா?" என்று கேட்டது இருதயசாமி.

"அதுக்கா குடத்தத் தூக்கிட்டு வந்தேன்? மண்வெட்டியக் குடுங்க" என்றாள்.

மடை திறந்தது. எதிர்க்கரையில் நின்றிருந்த வளவன் அவளைப் பார்க்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் பாயத் தன் வயல் வரப்பை வெட்டிவிட இறங்கினான்.