பதினோரு சதவீதம்

இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு டீச்சர் சூப்பர் மார்க்கெட்டின் பின்பக்க வாசலில் வண்டியைத் திருப்பியபோது திரையில் சார்ஜ் பதினோரு சதவீதம் என்று காட்டியது. மூன்று மணிக்கு அண்ணிக்கு ஓட்டுநர் தேர்வு. தேர்வு மைதானம் அங்கிருந்து நாலு கிலோமீட்டர். மின்சார வண்டியில் வருகிறவர்கள் இருபது சதவீதத்துக்குக் குறையாமல் சார்ஜ் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் தேர்வு அதிகாரி வண்டிக்குள் காலெடுத்து வைக்க மாட்டார் என்று மைதானத்தின் வாசலிலேயே அட்டை தொங்கியது. எவருடைய வண்டியோ தேர்வின் நடுவே ரவுண்டானாவில் படுத்துக்கொண்ட பிறகு வந்த விதி அது.

டீச்சர் என்பது பட்டப்பெயர்தான். முழுசாகச் சொன்னால் கிளட்ச் டீச்சர். பதினாறு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து 'கிளட்ச், கிளட்ச்' என்று கத்திக் கத்தியே வந்த பெயர். இரண்டு வருடத்துக்கு முன்பு மின்சார வண்டிக்கு மாறிவிட்டாள். அதில் கிளட்சே கிடையாது. பெயர் மட்டும் போகவில்லை.

பக்கத்து இருக்கையில் அவளுடைய அண்ணன் மனைவி மடியில் தேர்வுக் காகிதங்கள் இருந்த ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தாறு வயது. வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. லைசென்ஸோடு திங்கட்கிழமை வந்து சேர வேண்டும், இதற்கு மேல் காத்திருக்க முடியாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை தேர்வில் போய்விட்டது. இரண்டு தடவையும் ஒரே காரணம்: நிறுத்தக் கோட்டைத் தாண்டிவிட்டாள்.

"உங்க அண்ணன் காலையில பஸ் அட்டவணை ஒண்ணு எடுத்துட்டு வந்து ஃபிரிட்ஜ்ல ஒட்டிட்டாரு" என்று அன்று வண்டியில் ஏறும்போதே சொல்லியிருந்தாள் அண்ணி.

"எதுக்காம்?"

"ஒண்ணும் சொல்லல. ஒட்டினாரு, போயிட்டாரு."

டீச்சருக்குச் சுருக்கென்றது. அந்தச் சுருக்கில்தான் காலையிலிருந்து அண்ணியை விடாமல் ஓட்ட வைத்திருந்தாள். மேம்பாலம், சந்தை ரோடு, பள்ளிக்கூட வளைவு என்று மறுபடி மறுபடி. சார்ஜ் கரைவது தெரிந்துதான் இருந்தது. மைதானத்துக்குப் போகிற வழியில் சூப்பர் மார்க்கெட் சார்ஜர் இருக்கிறது, கால் மணி நேரம் போதும் என்று கணக்குப் போட்டிருந்தாள். கணக்கில் தப்பில்லை.

சார்ஜர் இரண்டு. ஒன்றின் தலையில் கறுப்புப் பிளாஸ்டிக் பையை மாட்டிக் கயிற்றால் கட்டியிருந்தார்கள், பழுது. மற்றதன் முன்னால், பச்சை வண்ணம் பூசிய தரையில், மின்சார வண்டிக்கு மட்டும் என்று எழுதியிருந்த எழுத்துகளின் மேலேயே, ஒரு வெள்ளை வேன் நின்றுகொண்டிருந்தது. டீச்சர் இறங்கிப் போய் வேனின் பின்பக்கம் குனிந்து பார்த்தாள். புகைக்குழாய் கன்னங்கரேலென்று நீட்டிக்கொண்டிருந்தது. பானட்டைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. வந்து வெகுநேரம் ஆகியிருக்கிறது.

நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளியிடம் போனாள்.

"அண்ணே, இந்த வேன் யாருது?"

"தெரியலையே மேடம்."

"இது சார்ஜ் போடுற இடம். பெட்ரோல் வண்டிய எப்படி விட்டீங்க?"

"தரையில எழுதியிருக்கு. எழுதியிருக்கிறது மேலயே ஏத்தி நிறுத்திட்டா அப்புறம் யாரு படிக்கிறது?" அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

உள்ளே போய் ஒலிபெருக்கியில் வேனின் எண்ணை அறிவிக்கச் சொன்னாள். அறிவித்தார்கள், இரண்டு தடவை. யாரும் வரவில்லை. சார்ஜரில் ஒட்டியிருந்த உதவி எண்ணுக்கு அழைத்தாள். நீங்கள் வரிசையில் ஏழாவது இடத்தில் இருக்கிறீர்கள் என்று ஒரு பெண் குரல் பணிவோடு சொல்லிவிட்டு இசையைப் போட்டது. டீச்சர் காதில் போனை வைத்தபடி வேனைச் சுற்றினாள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். உள்ளே குழாய்களும் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியும். தொடர்பு எண் எழுதி வைத்த சீட்டு எதுவும் இல்லை. ஒரு டயரை உதைத்தாள். கால்தான் வலித்தது.

"விட்டுடு. வேற இடம் பார்க்கலாம்" என்றாள் அண்ணி.

"வேற இடம் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கு அண்ணி. போயிட்டு வர்றதுக்குள்ள மூணே கால் ஆயிடும்."

"இல்லன்னா அடுத்த மாசம் பார்த்துக்கலாம்."

"திங்கக்கிழமைக்கு அப்புறம் அந்த வேலை உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?"

அண்ணி ஃபைலைத் திறந்து, பார்த்து, மூடினாள்.

இரண்டே முக்காலுக்காவது இங்கிருந்து கிளம்பியாக வேண்டும். மணி இரண்டு இருபத்தெட்டு. டீச்சர் சார்ஜரின் கேபிளை இழுத்துப் பார்த்தாள். நல்ல நீளம். வேனுக்குப் பின்னால் குறுக்காக நிறுத்தினால், வேனின் பக்கவாட்டில் கொண்டுவந்து எட்டவைத்துவிடலாம். வேன் வெளியே வர முடியாது, அவ்வளவுதான். வரட்டும், கேட்கட்டும்.

"மேடம், அப்படி நிறுத்தக் கூடாது" என்றார் காவலாளி, எழுந்திருக்காமலே.

"அவர் நிறுத்தினது மட்டும் கூடுமா?"

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு நாற்காலியை மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "நான் இந்தப் பக்கம் பார்க்கல."

டீச்சரின் போனில் வரிசை நாலாவது இடத்துக்கு வந்திருந்தது. இவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு அழைப்பைத் துண்டிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவர்களை நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வைப்பது என்று முடிவு செய்திருந்தாள். அதனால் அண்ணியின் போனை வாங்கி, அதிலிருந்த செயலியில் சார்ஜரைத் தொடங்கினாள். கேபிளின் முனை 'டக்'கென்று பூட்டிக்கொண்டது. பதினோரு சதவீதம். பன்னிரண்டு.

"முகம் கழுவிட்டு வர்றேன்" என்று அண்ணி போனை வாங்கிக்கொண்டு போனாள்.

பதினைந்து சதவீதம் ஆனபோது வேன்காரர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், முழங்கால் வரை நனைந்த கால்சட்டை. கையில் காற்றடைத்து உப்பிய பிளாஸ்டிக் பை. அதற்குள் தண்ணீரில் மூன்று சிவப்பு மீன்கள். வேனுக்குப் பின்னால் குறுக்கே நின்ற வண்டியையும் கேபிளையும் டீச்சரையும் வரிசையாகப் பார்த்தார்.

"இது உங்க வண்டியாம்மா? கொஞ்சம் எடுங்க."

"எட்டு நிமிஷம் ஆகும்."

"என் வண்டிய மறிச்சு நிறுத்திட்டு எட்டு நிமிஷம்னு சொல்றீங்க?"

"அரை மணி நேரமா உங்க வண்டி என்னை மறிச்சிட்டு நின்னுச்சு. வண்டிகிட்டப் பேச முடியுமா? அதான் உங்ககிட்ட சொல்றேன்."

"மாடியில பல் டாக்டர்கிட்ட மீன் தொட்டி வேலை. வண்டிய ரோட்டுல நிறுத்திட்டு கண்ணாடித் தொட்டிய அங்கேருந்து தூக்கிட்டு வர முடியுமா? வேற எல்லா இடமும் ரொம்பிப் போயிருந்துச்சு."

"ரொம்பிப் போனா? மீன் தொட்டி ரொம்பிப் போச்சுன்னா மீனைத் தூக்கிக் காப்பி டம்ளர்ல போடுவீங்களா?"

நாற்காலியில் காவலாளியின் தோள் குலுங்கியது. மீன்காரர் சிரிக்கவில்லை. பையை உயர்த்திக் காட்டினார். "இதுங்க சீக்கு மீனும்மா. வெயில் ஆகாது."

டீச்சர் திரையைப் பார்த்தாள். பதினேழு. அவர் வேனுக்குள் ஏறி ஹாரன் அடித்தார். ஒரு தடவை, இன்னொரு தடவை. டீச்சர் கல் மாதிரி நின்றாள். காதில் இசை ஓடிக்கொண்டேயிருந்தது. வரிசையில் மூன்றாவது. இதில் ஒரு சுகம் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. வந்ததிலிருந்து தேடிய ஆள் கையில் கிடைத்துவிட்டார், இப்போது காத்திருப்பது அவர் முறை.

இரண்டு நாற்பத்து மூன்றுக்கு இருபத்திரண்டு சதவீதம் ஆனது. போதும். டீச்சர் கேபிளின் பிடியை அழுத்தி இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். அப்போதுதான் உறைத்தது. யார் போனில் தொடங்கியதோ அந்தப் போனில்தான் நிறுத்த முடியும். அண்ணி போய்ப் பன்னிரண்டு நிமிடம் ஆகிவிட்டது.

"என்ன ஆச்சு?" மீன்காரர் இறங்கி வந்தார்.

"பூட்டிக்கிட்டு இருக்கு. போன் எங்க அண்ணிகிட்ட இருக்கு."

"அந்தச் சிவப்பு பட்டனை அமுக்கினா?"

"அமுக்கினா மெஷின் செத்துடும். கம்பெனி ஆளு வந்தாத்தான் கேபிள் கழண்டு வரும். என் வண்டியும் இங்க, உங்க வண்டியும் இங்க, நம்ம ரெண்டு பேரும் இங்க."

வேறு வழியில்லாமல் உதவி எண்ணைத் துண்டித்தாள். வரிசையில் இரண்டாவது இடம். அண்ணிக்கு அழைத்தாள். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை.

"அந்தம்மா உள்ள போகல" என்றார் காவலாளி, இன்னும் அந்தப் பக்கமே பார்த்தபடி. "பின்னாடி சரக்கு இறக்குற படிக்கட்டுப் பக்கம் போனாங்க."

டீச்சர் ஓடினாள். பையைத் தூக்கிக்கொண்டு மீன்காரரும் ஓடினார். "நீங்க எதுக்கு வர்றீங்க?" "உங்களை விட்டா என் வண்டி?" என்று மூச்சிரைக்கப் பேசிக்கொண்டே கட்டடத்தைச் சுற்றிப் போனார்கள்.

காலி அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, மூன்றாவது படியில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். முகம் கழுவியிருக்கவில்லை. கையில் போன். அதில் சார்ஜ் எண் பச்சையாக ஏறிக்கொண்டிருந்தது.

"இருபத்திமூணு" என்றாள், நிமிராமலே. "அந்த வேனைப் பார்த்ததும் எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? சரி, இன்னிக்கு இல்ல, நம்ம தப்பும் இல்லன்னு. நீதான் விட மாட்டேங்குற."

"அண்ணி, மணி என்ன ஆச்சு தெரியுமா? பயமெல்லாம் அங்க போய்ப் படலாம், எழுந்திருங்க."

"பயம் இல்ல. எனக்கு நிறுத்தத் தெரியல."

"காலையில நாப்பது தடவை நிறுத்தினீங்க. ஒரு தடவைகூடக் கோட்டைத் தொடல."

"அது நீ நிறுத்தினது."

அண்ணி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"உன் பக்கமும் ஒரு பிரேக் இருக்கில்ல. நான் கால வைக்கிறதுக்குள்ள வண்டி நின்னுடும். எத்தனையோ நாள் நான்தான் நிறுத்தினேன்னு நெனச்சுட்டு இருந்தேன். போன தடவை பரீட்சைல கோடு வருது, வருது, வண்டி நிக்கும்னு காத்துக்கிட்டு இருக்கேன். நிக்கல. பக்கத்துல அந்த அதிகாரி கையக் கட்டிட்டு உட்கார்ந்திருக்காரு. அப்பத்தான் புரிஞ்சுது. உன்கிட்ட எப்படிச் சொல்றது? ராப்பகலா எனக்காகத்தானே அலையற."

டீச்சர் தன் வலது காலைப் பார்த்தாள். மற்ற மாணவர்களிடம் அது சும்மா கிடக்கும், ஆபத்து என்றால்தான் இறங்கும். அண்ணி ஓட்டும்போது மட்டும் முன்னூறு அடிக்கு முன்னாலேயே பெடலின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அழுத்துகிறோம் என்பதே அவளுக்குத் தெரிந்ததில்லை. ஆனால் அந்தப் பெடல் பளபளவென்று தேய்ந்திருப்பது அவளுக்குத் தெரியும். தினமும் துடைப்பவள் அவள்தானே.

"சொல்லியிருக்கலாமே அண்ணி" என்றாள்.

மீன்காரர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார். "அம்மா, குடும்ப விஷயம், நான் கேட்கல. அந்த நிறுத்துற பட்டனை மட்டும் கொஞ்சம் அமுக்கிடுங்க."

அண்ணி அவரைப் பார்த்தாள், பையிலிருந்த மீன்களைப் பார்த்தாள், பட்டனை அமுக்கினாள். பிறகு முட்டியில் கையூன்றி எழுந்தாள்.

"இன்னும் நாலு கிலோமீட்டர் இருக்கு. நீங்க ஓட்டுங்க" என்றாள் டீச்சர். "நான் தொட மாட்டேன்."

"தொடாம உன்னால இருக்க முடியாது."

"பாருங்க."

வண்டியில் ஏறியதும் டீச்சர் செருப்பைக் கழற்றினாள். இரண்டு காலையும் இருக்கையின் மேல் மடக்கிச் சம்மணம் போட்டாள். மேலே பெல்ட்டை இழுத்து மாட்டினாள். பதினாறு வருடத்தில் அப்படி உட்கார்ந்ததில்லை. மாணவர் எவராவது அப்படி உட்கார்ந்திருந்தால் இறக்கிவிட்டிருப்பாள். மணி இரண்டு நாற்பத்தொன்பது. அண்ணி வண்டியை எடுத்தாள். பின்னால் வெள்ளை வேன் வெளியே வந்து, ஒரு தடவை மெல்ல ஹாரன் அடித்துவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பியது.

முதல் சிக்னலில் வண்டி கோட்டைத் தாண்டி நின்றது. பின்னால் வந்த லாரி கத்தியது. டீச்சரின் கால் முட்டி வரை துடித்தது. கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது சிக்னலில் அண்ணி ரொம்ப முன்னாலேயே அழுத்திவிட, இரண்டு பேரும் முன்னால் குனிந்து எழுந்தார்கள். "பரவால்ல" என்றாள் டீச்சர். "பேசாதே" என்றாள் அண்ணி. அதன் பிறகு வேகத்தடை ஒன்று, பேருந்து நிறுத்தம் ஒன்று, ஒரு சைக்கிள். ஒவ்வொன்றுக்கும் டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொன்றுக்கும் வண்டி எங்காவது நின்றது, சில சமயம் சரியான இடத்தில்.

மைதானத்துக்குள் நுழைந்தபோது மூன்று மணிக்கு ஒரு நிமிடம் பாக்கி. தேர்வு அதிகாரி ஜன்னலில் குனிந்து திரையைப் பார்த்தார், அட்டையில் ஏதோ குறித்தார், டீச்சரை இறங்கச் சொன்னார். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு கம்பி வேலிக்கு வெளியே போய் நின்றாள்.

தன் வண்டி தன்னை விட்டுப் போவதைப் பின்னாலிருந்து அவள் பார்த்ததேயில்லை. எப்போதும் உள்ளேதான் இருந்திருக்கிறாள். வண்டி நேர்க்கோட்டில் போனது, வளைந்தது, நிறுத்தக் கோட்டை நோக்கி நெருங்கியது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் இருபதடி. பதினைந்தடி. அப்போது பின்பக்கத்து இரண்டு சிவப்பு விளக்குகளும் எரிந்தன. கோட்டுக்கு ஒரு கை தூரம் இருக்கும்போதே வண்டி நின்றது. விளக்குகள் எரிந்துகொண்டேயிருந்தன.

பிறகு அணைந்தன. வண்டி அடுத்த வளைவுக்குக் கிளம்பியது. இன்னும் ஐந்து கோடுகள் இருந்தன.