மேனேஜருக்கு மூச்சடைத்த மதியம்

தங்கையின் கணவரை வீட்டில் எல்லோரும் மேனேஜர் என்றுதான் கூப்பிடுவார்கள், கட்டிய மனைவியும்கூட. அன்று மதியம் அவருடைய மேலதிகாரி தன் மனைவியோடு சாப்பிட வந்திருந்தார். கூடமாட உதவ, நூல் ஆலையில் வேலை செய்யும் அக்காவையும் வரவழைத்திருந்தார்கள். ஆலைக்காரியைச் சரிசமமாக மேசையில் உட்கார வைப்பதில் மேனேஜருக்குச் சங்கடம். அதைக் கிண்டலாக்கித் தீர்த்துக்கொண்டார்.

"அண்ணி ஆலையில முதலுதவிப் பயிற்சி முடிச்சிருக்காங்க சார். ரெண்டே நாள். ரப்பர் பொம்மையைக் காப்பாத்தி சர்டிஃபிகேட் வாங்கிட்டாங்க!"

மேலதிகாரி சிரித்தார். அவர் சிரித்துவிட்டாரே என்று மேனேஜர் இன்னும் பெரிதாகச் சிரித்தார், வாயில் கறித்துண்டோடு.

சிரிப்பு பாதியில் அறுந்தது. இருமல்கூட இல்லை. மேனேஜர் எழுந்தார், ஒரு விரலைத் தூக்கி 'ஒரு நிமிஷம்' என்று காட்டினார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு குளியலறைப் பக்கம் நடந்தார்.

"போன் வந்திருக்கும். எப்பப் பார்த்தாலும் ஆபீஸ்தான்," என்றாள் தங்கை பெருமையாக.

அக்கா அவர் பின்கழுத்தைப் பார்த்தாள். கன்றிச் சிவந்திருந்தது. தொண்டை அடைத்தவர்கள் சில சமயம் வெட்கப்பட்டுத் தனியாக எழுந்து போய்விடுவார்கள், போன இடத்திலேயே செத்தும் கிடப்பார்கள் என்று பயிற்சியில் நர்ஸ் சொல்லியிருந்தாள். எந்த மடையன் அப்படிப் போவான் என்று அன்று அவளுக்குத் தோன்றியது. சொந்த வீட்டு மாப்பிள்ளை நினைவுக்கு வரவில்லை.

பின்னாலேயே ஓடி, தாழ்ப்பாள் விழுவதற்குள் குளியலறைக் கதவிடுக்கில் கால் வைத்தாள்.

"பேச முடியுதா தம்பி?"

இல்லை என்று தலையாட்டினார். ஒரு கை தொண்டையில். மறு கை அவளைப் போ போ என்று விரட்டியது. கண் பிதுங்கியிருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. தங்கையைக் கூப்பிட அவள் வாய் திறந்ததும், அந்தக் கையால் அவள் வாயைப் பொத்தினார்.

உயிர் போகிற நேரத்தில், சத்தம் வெளியே கேட்கக் கூடாதாம். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பதுபோல் ஒரு கணம் பார்த்தாள்.

கையைத் தட்டிவிட்டாள். ஆளை முன்னால் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஓங்கி ஐந்து அடி. அடைப்பு அசையவில்லை. பின்னால் நின்று இடுப்பைச் சுற்றிக் கைகொடுத்து, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து, உள்ளே இழுத்து மேலே தூக்கினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் கறித்துண்டு தெறித்துக் கைகழுவும் தொட்டியில் விழுந்தது.

மேனேஜர் காற்றை வாரி வாரிக் குடித்தார். கண்ணீர் வழிந்தது. மீண்டு வந்த மூச்சில் முதல் பேச்சு:

"சார் காதுல விழுந்துச்சா?"

அவள் குழாயைத் திறந்து கையைக் கழுவிக்கொண்டாள்.

"வயித்தை அமுக்கியிருக்கேன். உள்ள அடிபட்டிருக்கலாம். இப்பவே டாக்டர் பார்க்கணும்."

"சார் கிளம்பட்டும் அண்ணி. இன்னும் பழமே வைக்கல. நீங்க ஒண்ணும் சொல்லிக்க வேணாம், புரியுதா?"

அவள் நேராகக் கூடத்துக்குப் போனாள். நடந்ததை மேலதிகாரியிடமே சொன்னாள், வாயைப் பொத்தியது உட்பட. தங்கையின் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. மேலதிகாரி பதறிப்போய்க் கார் சாவியை எடுத்தார்.

முன் இருக்கையில் மேனேஜர் விலாவைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். தெருமுனை தாண்டியதும் ஈன சுரத்தில் ஆரம்பித்தார்:

"கார் ரொம்ப ஸ்மூத்தா போகுது சார்..."

"பேசாம மூச்சை விடுங்க," என்றாள் பின்னாலிருந்து அக்கா.